ராத்திரி எட்டரைக்கு வரும் மெயிலுக்கு எப்போது பதில் போடுவது?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன்; ஆர்டர் தரும் பையருக்கும் (வாங்குபவர்) தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று வேலையை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. வீடு ஆற்காட்டில். ஒன்பதிலிருந்து ஆறரை வரை வேலை, வாரம் ஆறு நாள். வீட்டுக்கு வர ஏழாகிவிடும். அதற்கு மேலும் ஜெர்மனி பையரின் மெயில், உற்பத்தி லைனிலிருந்து போன் என்று பத்து மணி வரை ஓடுகிறது. கணவருக்குச் சென்னையில் வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வருவார். நான்காவது படிக்கும் மகன், "எப்பப் பார்த்தாலும் போன்தானா?" என்கிறான். மாமியார் வேலையை விட்டுவிடச் சொல்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். ஷிப்மென்ட் நெருக்கத்தில், தூக்கமும் கெட்டிருக்கும்போது எடுக்கிற முடிவு உங்களுடையதாக இருக்காது, களைப்பினுடையதாக இருக்கும். பகல் வேலையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு குறையும் இல்லை. ஏழிலிருந்து பத்து வரையிலான மூன்று மணி நேரம்தான் உங்களைப் படுத்துகிறது. முதலில் அதைச் சரிசெய்து பார்ப்போம்.

கடிகாரக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம். அங்கே ஒருவர் மாலை ஐந்து மணிக்கு ஒரு மெயிலைத் தட்டிவிட்டுக் கிளம்பினால் நமக்கு எட்டரை, குளிர்காலமானால் ஒன்பதரை. அனுப்பியவர் வீட்டுக்குப் போய்விட்டார். நீங்கள் அலறியடித்துக்கொண்டு அன்று ராத்திரியே பதில் போட்டாலும் அவர் அதைப் படிப்பது பெரும்பாலும் மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான். அது நமக்குப் பகல் பதினொன்றரை அல்லது பன்னிரண்டரை. காலையில் கம்பெனிக்குப் போய், சாம்பிள் ரூமில் விசாரித்து, விவரமாகவே எழுத நேரம் இருக்கிறது. ராத்திரி எழுதும் பதில் எப்படியும் "காலையில் பார்த்துச் சொல்கிறேன்" என்பதுதானே?

லைனிலிருந்து வரும் போன் வேறு ரகம். ஒரு வாரம், ஏழு மணிக்கு மேல் வந்த ஒவ்வொரு அழைப்பையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். யார் கூப்பிட்டார், எதற்காக, காலை வரை பொறுத்திருக்குமா என்று மூன்றே விஷயம் போதும். கட்டிங்கில் தோலின் நிறம் மாறிவிட்டது, நாளைக்கு இன்ஸ்பெக்ஷன் இருக்கிறது, பெட்டிகள் வரவில்லை என்றால் அது நிஜமான அவசரம். "எந்த சோல், எந்த லேபிள்?" என்பது அவசரமே இல்லை, ஆர்டர் விவரம் எழுதிய ஸ்பெக் ஷீட்டிலேயே இருக்கிறது. உங்களைக் கேட்பது சுலபம் என்பதால் கேட்கிறார்கள். கிளம்பும் முன் பத்து நிமிடம் லைன் சூப்பர்வைசரோடு நின்று அடுத்த நாள் ஆர்டரைப் பேசிவிட்டு வந்தால் இந்த ரகம் வெகுவாகக் குறையும்.

அந்தத் தாளோடு மேலதிகாரியிடம் போங்கள். வீட்டில் கஷ்டம் என்று ஆரம்பிக்காதீர்கள். "ஐயோ பாவம்" என்று அனுதாபப்படுவார், அன்று ராத்திரியே போனும் செய்வார். நேராகச் சொல்லுங்கள்: "சார், ஏழிலிருந்து எட்டே முக்கால் வரை வாட்ஸ்அப் பார்க்க மாட்டேன். எட்டே முக்காலுக்கு ஒரு தடவை மெயில் பார்த்துவிடுவேன். ஷிப்மென்ட் நிற்கிற அளவுக்கு விஷயம் இருந்தால் மட்டும் கால் பண்ணுங்க, எடுக்கிறேன்." குளிர்காலத்தில் அந்த எட்டே முக்காலையும் விட்டுவிடலாம், மெயில் வரவே ஒன்பதரை ஆகிவிடும்.

தயங்கினால் இதையும் மனதில் வையுங்கள். சாப்பாட்டு இடைவேளை போக உங்களுக்கு வாரம் 54 மணி நேரம் ஆகிறது, ராத்திரி வேலை தனி. தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு வாரம் 48 மணி. அதைத் தாண்டினால் இரட்டைச் சம்பளம். மேற்பார்வைப் பதவிகளுக்கு இது எல்லா நேரமும் பொருந்தாது என்பதால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போடச் சொல்லமாட்டேன். உடம்புக்கு அந்த விலக்கெல்லாம் தெரியாது. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன.

அப்புறம் வீடு. கடிதத்தில் உங்கள் கணவர் சனிக்கிழமை வந்து போகிறவராக மட்டும் இருக்கிறார். 2024ஆம் ஆண்டின் மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் வைத்துப் பார்த்த சராசரி. சென்னையில் இருந்தாலும் தினமும் வீடியோ காலில் பையனுக்குக் கணக்குப் பாடம் சொல்லித்தரலாம். ஞாயிற்றுக்கிழமை காய்கறி, வாரத்துக்கான யூனிஃபார்ம் இஸ்திரி இரண்டும் அவருடையதாகட்டும். மக்கன் பேடா வாங்கிவருவதை வேலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்!

மாமியார் "வேலையை விடு" என்பதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பகலெல்லாம் வீட்டையும் பள்ளி விட்டு வரும் பேரனையும் பார்ப்பவர் அவர். களைப்பை அப்படிச் சொல்கிறாரோ என்னவோ. "எந்த வேலை அத்தை உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பாத்திரம் தேய்க்க ஒரு ஆள் வைப்பதிலேயே பாதிப் பேச்சு அடங்கிப் போகலாம்.

மகனுக்கு நாள் முழுக்க நீங்கள் வேண்டியதில்லை. கத்திரி வெயில் காலத்தில் நம் பக்கத்து வீடுகளில் ஏழரைக்கு மேல்தான் மொட்டை மாடியில் உட்கார முடிகிறது. அந்த ஒரு மணி நேரம் அவனோடு மேலே போங்கள். போன் கீழே மாமியாரிடம் இருக்கட்டும். அழைப்பு வந்தால் அவர் குரல் கொடுப்பார், வாட்ஸ்அப் சத்தத்துக்குக் கொடுக்கமாட்டார்.

இரண்டு மாதம் இப்படிப் பாருங்கள். கம்பெனி அசையவில்லை என்றால் வீட்டோடு இருப்பது ஒன்றே வழி என்றில்லை. தரக் கட்டுப்பாடு, திட்டமிடல் பிரிவுகளில் பையரோடு நேரடித் தொடர்பு குறைவு, சிப்காட்டிலேயே விசாரிக்கலாம். சம்பளம் எவ்வளவு குறையும், அந்தக் குறைவில் எந்தச் செலவு நிற்கும் என்று கணவரோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இதற்கிடையே இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமலோ, காரணமின்றி அழுகை வந்துகொண்டோ இருந்தால் அதுவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.