சொல் கேட்காத பாட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பொன்றில் ஸ்லோடைவ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். அவர்கள் 1991இல் வெளியிட்ட ‘ஹோல்டிங் அவர் பிரெத்’ என்ற நான்கு பாட்டு ஈ.பி.யை (ஆல்பத்தைவிடச் சிறிய இசைத்தொகுப்பு) தேடியபோது, கேட்டவர்களின் கருத்துகள்தாம் முதலில் கண்ணில் பட்டன. ஒருவர் கனவு என்கிறார், இன்னொருவர் வெறும் புகைமூட்டம் என்கிறார். ‘கேட்ச் த பிரீஸ்’ அடுத்து வந்த ஆல்பத்திலேயே இருக்கிறது, ‘கோல்டன் ஹேர்’ ஏற்கெனவே வேறொருவர் பாடியது, ஆகவே மிஞ்சுவது இரண்டே பாட்டு என்று ஒருவர் கணக்குச் சொல்கிறார். பாடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றே விளங்கவில்லை என்பது பலருடைய குறை. நான் இதிலிருந்து தொடங்கலாமா, நேராக ‘சூவ்லாக்கி’ ஆல்பத்துக்குப் போய்விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஈ.பி. முழுவதுமே சுமார் இருபது நிமிடம்தான். அதைப் பற்றிய கருத்துகளை வாசிக்க நீங்கள் செலவிட்ட நேரத்தில் அதை இரண்டு மூன்று முறை கேட்டிருக்கலாம். பழக்கமில்லாத இசைக்குள் நுழையும்போது வருகிற தயக்கம் எனக்குத் தெரியும், வழி விசாரிப்பதில் தவறில்லை. ஆனால் புகைமூட்டம் என்ற சொல்லைக் காதில் ஏற்றிக்கொண்டு போகிறவருக்குப் புகைமூட்டம்தான் கேட்கும்.

அந்தக் குழு இத்தகைய சொற்களால் நிறையவே காயப்பட்டது. அவர்களுடைய இசை வகைக்கு வாய்த்த ஷூகேஸ் (காலணியை வெறித்துப் பார்ப்பது) என்ற பெயரே, கிதாரின் ஒலியை மாற்றக் காலடியிலிருக்கும் பெடல்களைப் பார்த்தபடி நின்று வாசிக்கிறார்கள் என்று பத்திரிகைகள் செய்த கேலியிலிருந்து ஒட்டிக்கொண்டது. 1993இல் ‘சூவ்லாக்கி’ வந்தபோது, இதை மறுபடி கேட்பதைவிடக் கஞ்சி நிரம்பிய குளியல் தொட்டியில் மூச்சுத் திணறி மூழ்குவேன் என்று மெலடி மேக்கர் வார இதழில் ஒரு விமர்சகர் எழுதினார். 1995இல் மூன்றாவது ஆல்பம் வெளியான சில நாட்களிலேயே அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட கிரியேஷன் நிறுவனம் அவர்களைக் கைவிட்டது. அவர்கள் மறுபடி ஸ்லோடைவாக மேடையேற 2014 வரை ஆயிற்று. கெட்டிக்காரத்தனமான ஒரு வாக்கியத்தை எழுதுவதற்கு ஐந்து நிமிடம் போதும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

எத்தனை பாட்டு மிஞ்சுகிறது என்ற கணக்கை நான் பொருட்படுத்தவில்லை. இசையைக் கிலோவுக்கு இவ்வளவு என்று யாரும் வாங்குவதில்லை.

சொல் விளங்கவில்லை என்ற குறையை மட்டும் என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. அதற்கான பதில் அந்த ஈ.பி.க்குள்ளேயே இருக்கிறது, அதுவும் ‘வேறொருவர் பாட்டு’ என்று அந்தக் கணக்காளர் கழித்துவிட்ட ‘கோல்டன் ஹேர்’ பாட்டிலேயே இருக்கிறது. அதன் வரிகள் ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதியவை. 1907இல் வெளிவந்த ‘சேம்பர் மியூசிக்’ தொகுப்பின் ஐந்தாவது கவிதை அது. பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவிலிருந்து விலகிய சிட் பாரெட் அதற்கு மெட்டமைத்து, 1970இல் வந்த தன் முதல் தனி ஆல்பத்தில் இரண்டு நிமிடத்துக்குள் பாடி முடித்தார். ஜாய்ஸ் தாமே நல்ல பாடகர், 1904இல் டப்ளினில் நடந்த ஃபெய்ஸ் கியோல் இசைப்போட்டியில் வெண்கலப் பதக்கம் வாங்கியவர். பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே என்ன நிகழ்கிறது என்று தெரிந்த ஒருவர் எழுதிய கவிதை அது.

அந்தக் கவிதையில் ஒருவன் அறைக்குள் புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறான், தரையில் கணப்பின் ஒளி ஆடுகிறது. இருளினூடே ஒரு பெண் பாடுவது கேட்கிறது. அவன் புத்தகத்தை மூடிவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து, பொன்னிறக் கூந்தல்காரியே, ஜன்னல் வழியே எட்டிப் பார் என்று அழைக்கிறான். அவள் என்ன பாடினாள்? உற்சாகமான ஒரு மெட்டு என்பதற்கு மேல் கவிதை எதுவும் சொல்வதில்லை. ஒரு சொல்கூட அவனுக்கு எட்டியதாகத் தெரியவில்லை, அவன் அதற்காகக் குறைப்படவும் இல்லை. சொற்கள் நிறைந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, சொல் எட்டாத குரலை நோக்கி எழுந்து போகிறான்.

ஸ்லோடைவில் பாடுகிற நீல் ஹால்ஸ்டெடுக்கும் ரேச்சல் காஸ்வெல்லுக்கும் இந்த ஈ.பி. வந்தபோது இருபது வயது. குரலைக் கிதார்களுக்கு மேலே தூக்கி நிறுத்தாமல், அவற்றின் மட்டத்திலேயே வைத்து, ரிவெர்ப், டிலே என்ற எதிரொலி உத்திகளில் கரையவிட்டார்கள். ஒலிக்கலவை செய்தவரின் கைப்பிழை என்று அதை நினைக்காதீர்கள். ‘கோல்டன் ஹேர்’ பாட்டில் ரேச்சலின் குரலைக் கவனித்தால் சொற்கள் பிடிபடும், அந்தச் சொற்களோ சொல் பிடிபடாத ஒரு பாட்டைக் கேட்டு எழுந்து போனவனைப் பற்றியவை. மற்ற மூன்று பாட்டுகளையும் எப்படிக் கேட்க வேண்டும் என்று இந்த ஒரு பாட்டு சொல்லித் தருவதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. 1990களின் கடைசியில், கப்பலில் வேலை பார்த்த ஒரு மூத்த நண்பர் இந்த நான்கு பாட்டுகளையும் கேசட்டில் பதிந்து எனக்குக் கொடுத்தார். நான் அப்போது ஒரு சிற்றிதழில் எழுதிவந்தேன். பாடத் தெரியாதவர்கள் கிதாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள் என்று அதில் கடுமையாக எழுதி, பெருமையோடு அந்த இதழை அவருக்கே அனுப்பிவைத்தேன். சில வாரங்கள் கழித்து ஒரு அஞ்சலட்டை வந்தது. அந்தக் கவிதையின் வரிகளை மட்டும் தன் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார். நலம் விசாரிப்பு இல்லை, கையொப்பம்கூட இல்லை. அன்று இரவு கேசட்டை மறுபடி போட்டுக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அச்சில் போய்விட்ட என் வாக்கியத்தை மட்டும் திரும்ப எடுக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தில் அந்தக் குறையைப் பார்த்ததும் அது என்னுடைய பழைய வாக்கியமாகவே தெரிந்தது.

நீங்கள் கேட்டது எதில் தொடங்கலாம் என்று. இதிலேயே தொடங்குங்கள், ‘சூவ்லாக்கி’ எங்கும் போய்விடாது. இரவில் கேளுங்கள், வரிகளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ‘கோல்டன் ஹேர்’ பாட்டில் ரேச்சல் பாடி நிறுத்திய பிறகும் கிதார்கள் வெகுநேரம் எழும்பிக்கொண்டே போகும். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து அந்த இடத்தில் ஒலியைக் குறைத்துவிடாதீர்கள்.