அப்பாவின் பழைய துப்பாக்கிக்குக் குதிரை மாற்றலாமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குக் காபித் தோட்டம். அப்பாவிடம் லைசென்ஸோடு ஒரு 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. தாத்தா காலத்தில் ஓர் எஸ்டேட் துரையிடம் வாங்கியது. குதிரைகள், அதாவது தோட்டாவை வெடிக்கச் செய்யத் தட்டும் சுத்தி போன்ற பாகங்கள், வெளியே தெரியும் பழைய வகை. வலது குதிரை உடைந்துவிட்டது, உள்ளே ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டது. அப்பா காலமாகி 8 மாதம் ஆகிறது, துப்பாக்கி வீட்டு பீரோவில் இருக்கிறது. இங்கிலாந்து இணையதளம் ஒன்றில் இதே மாதிரி குதிரை விற்கிறார்கள். ஊர் லேத் பட்டறைக்காரரும் செய்து தருகிறேன் என்கிறார். இன்னொருவர் பாகத்துக்காகத் தன் பழைய துப்பாக்கியையே தருகிறாராம். நூறு வருஷப் பழசுக்கு லைசென்ஸே வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். எது சரி?

பதில்: குதிரையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அந்த பீரோவைப் பற்றித்தான்.

லைசென்ஸ் உங்கள் அப்பாவுக்குக் கொடுக்கப்பட்டது. அவரோடு அது முடிந்தது. வீடு, நிலம் போல் வாரிசுக்குத் தானாக வராது. இன்றைய நிலையில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவர் நீங்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிரிவு 3-ஐ மீறியதாக வழக்கு வந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 2 ஆண்டில் தொடங்கி 5 ஆண்டு வரை போகும்.

பயப்படச் சொல்லவில்லை, தாமதிக்காதீர்கள் என்கிறேன். பிரிவு 3 வழக்குக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டின், அதாவது கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்று பிரிவு 39 சொல்கிறது. தானாக வந்து ஒப்படைத்தவர் வேறு, சோதனையில் பிடிபட்டவர் வேறு என்பது அந்த மேஜையில் தெரியும். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அவருடைய லைசென்ஸ் புத்தகம் இரண்டையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். பிரிவு 21-ன்படி அங்கேயோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ துப்பாக்கியை ஒப்படைக்கலாம். துப்பாக்கியை வெளியே எடுப்பதற்கு முன்பே நிலைய அதிகாரியிடம் எழுத்தில் தகவல் கொடுத்துவிடுவது நல்லது. தோட்டாக்கள் மிச்சம் இருந்தால் அவற்றையும் சேர்த்து ஒப்படையுங்கள். ரசீதில் துப்பாக்கி எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், 2016 ஆயுத விதிகளில் விதி 25 வாரிசுகளுக்கென்றே இருக்கிறது. அதன் கீழ் உங்கள் பெயரில் லைசென்ஸ் கேட்டு கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அம்மா, உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய சம்மதக் கடிதமும் வையுங்கள். இல்லாவிட்டால் கோப்பு அங்கேயே நிற்கும். மறுத்தால் பிரிவு 18-ல் மேல்முறையீடு உண்டு. (அப்பாவே 70 வயது ஆனதும், அல்லது துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்த பிறகு, இதை உங்களுக்கு மாற்றக் கேட்டிருக்கலாம். பெரியவர்களிடம் துப்பாக்கி இருக்கும் மற்ற வாசகர்கள் இதைக் கவனியுங்கள்.)

பழம்பொருள் வாதத்துக்கு வருகிறேன். பிரிவு 45 சில ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் அதன் வாசகம் கறாரானது. வழக்கொழிந்ததாகவோ, தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ, பழுதானதாகவோ இருந்தால் மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைச் சுடப் பயன்படுத்தவே முடியாது என்றும் இருக்க வேண்டும். நீங்கள் குதிரை தேடுவதே அதைச் சரிசெய்து சுடலாம் என்பதற்குச் சாட்சி. 12 போர் தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. நண்பர்கள் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

உதிரிபாகமும் அப்படித்தான். சட்டத்தில் துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். சிறு பாகங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அவற்றோடு சேரும் மற்ற பாகங்கள் உங்களிடமோ வேறு யாரிடமோ இருந்து, அவற்றோடு பொருத்துவதற்காக வாங்கினால் அந்த விலக்கு கிடையாது. கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஒரு குதிரை வாங்குவது வேறு, உங்கள் தேவை வேறு.

லேத் பட்டறைக்காரரை தயவுசெய்து இதில் இழுக்காதீர்கள். துப்பாக்கி பழுது பார்க்கவே பிரிவு 5-ன்படி தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் செய்தால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. உங்கள் மேல் உள்ள அன்பில் ஒத்துக்கொண்ட மனிதர், உங்களைவிடப் பெரிய வழக்கில் மாட்டுவார்.

பாகத்துக்காக வரும் துப்பாக்கியும் ஒரு முழுத் துப்பாக்கிதான். உங்கள் லைசென்ஸில் ஏறாமல் அதைத் தொடக்கூடாது. 2019-க்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியது இரண்டே இரண்டு. தவிர, அதன் குழலையோ உடலையோ மாற்றிப் பொருத்தினால் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் போகும்; அது தனிச் சிக்கல்.

லைசென்ஸ் உங்கள் பெயருக்கு வந்தபின், பழுது பார்க்க உரிமம் உள்ள வியாபாரியிடம் துப்பாக்கியோடு போங்கள். உங்களால் போக முடியாவிட்டால், நீங்கள் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு இன்னொருவர் கொண்டுபோகலாம். பிரிவு 3-லேயே அதற்கு இடம் இருக்கிறது. உங்களுடையதைப் போன்ற அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் கையால் அரம் போட்டுச் செய்தவை. படத்தில் அச்சாக ஒன்றுபோல் தெரியும் குதிரையும், உள்ளிருந்து வரும் தண்டின் சதுர முனையில் உட்காராமல் போகலாம். அதனால் உடைந்த துண்டைத் தூக்கி எறியாமல் துப்பாக்கியோடு சேர்த்தே ஒப்படையுங்கள். கைவினைஞருக்கு அதுதான் அளவு. குழலின் அடியில் உள்ள சோதனை முத்திரைகளையும் (எந்த மருந்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்று சோதித்துக் குத்தியவை) பார்க்கச் சொல்லுங்கள். கரிமருந்துக்கு, அதாவது பழைய கறுப்பு வெடிமருந்துக்கு, மட்டும் சோதித்த குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால் குழலே வெடிக்கலாம். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்துச் செய்த டமாஸ்கஸ் குழல் என்றால் இன்னும் கவனம். முத்திரையையோ எண்ணையோ மெருகு போடுகிறேன் என்று யாரும் தேய்க்க விடாதீர்கள்.

கடைசியாக இங்கிலாந்து குதிரை. பாகத்தை இறக்குமதி செய்யவும் பிரிவு 10-ன்படி லைசென்ஸ் வேண்டும். தபாலில் வந்தால் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம். பார்சலின் மேல் இருக்கும் பெயரும் முகவரியும் உங்களுடையவை. பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், அனுப்ப வேண்டாம் என்று இன்றே அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டு, நாளைக் காலையில் காவல் நிலையத்துக்குக் கிளம்புங்கள்.