குழந்தையைத் தங்கையிடம் விட்டுச் செல்பவர் என்ன எழுதித் தர வேண்டும்?

கேள்வி: பணி நிமித்தம் ஐந்து மாதங்கள் வெளிநாடு செல்கிறேன். எட்டு வயது மகன் என் தங்கையின் பொறுப்பில் இருப்பான். கணவரும் நானும் பிரிந்து வாழ்கிறோம், விவாகரத்து ஆகவில்லை. தங்கைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதுமா, அல்லது நீதிமன்றம் மூலம் அவளைப் பாதுகாவலராக்க வேண்டுமா? அதனால் தாய் என்ற உரிமையை இழந்துவிடுவேனா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெற்றோர் பலர் எதையுமே எழுதித் தராமல் கிளம்பிவிடுவதற்கு இந்த அச்சமே காரணம். நீங்கள் எழுதித் தருவது உங்கள் பொறுப்பைக் கைமாற்றும் பத்திரம் அல்ல. அந்தப் பொறுப்பில் சிலவற்றை உங்கள் சார்பில் நிறைவேற்ற இன்னொருவருக்குத் தரும் அனுமதி மட்டுமே. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், பெற்றோர் பொறுப்பை விட்டுக்கொடுக்கவோ மாற்றித்தரவோ முடியாது என்றும், அதைத் தம் சார்பில் பிறர் நிறைவேற்ற ஏற்பாடு செய்யலாம் என்றும் வெளிப்படையாகவே கூறுகிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இதற்கென்றே அதிகாரப் பத்திரம் உண்டு; ஆறு மாதம், ஓராண்டு என்று அதற்குக் கால வரம்பும் உண்டு. குழந்தையின் திருமணத்துக்கோ தத்துக்கோ சம்மதிக்கும் அதிகாரத்தை அங்கே அந்தப் பத்திரத்தால் தர இயலாது.

நீதிமன்றம் நியமிக்கும் பாதுகாவலர் என்பது இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. நீதிமன்ற ஆணையை நீங்கள் நினைத்த நேரத்தில் திரும்பப் பெற முடியாது. மாற்ற வேண்டுமானால் மீண்டும் நீதிமன்றத்தையே அணுக வேண்டும். ஐந்து மாதப் பிரிவுக்கு, வேறு சிக்கல் எதுவும் இல்லாத நிலையில், அது பெரும்பாலும் தேவைப்படாது.

அப்படியானால் கடிதமே போதுமா என்றால், அது என்ன கடிதம் என்பதைப் பொறுத்தது. உங்கள் மகனுக்கு அவள் சித்தி. ஆனால், மருத்துவமனைப் பதிவேட்டின் முன்னால் அவள் மூன்றாம் நபர். அந்தப் பத்திரத்தைப் படிக்கப்போகிறவர் உங்கள் குடும்பத்தை அறியாத ஒரு மருத்துவர்; அதுவும் நள்ளிரவாக இருக்கலாம். ‘என் மகனை என் தங்கை பார்த்துக்கொள்வாள்’ என்ற வரி அவருக்கு எதையும் அனுமதிக்காது. ‘என் மகனுக்குத் தேவைப்படும் மருத்துவப் பரிசோதனை, சிகிச்சை, மயக்க மருந்து, அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு என் சார்பில் சம்மதம் தரவும், அவனுடைய மருத்துவக் குறிப்புகளைப் பெறவும் இவருக்கு அதிகாரம் அளிக்கிறேன்’ என்று எழுதினால், அவர் தயங்க வேண்டிய இடம் வெகுவாகக் குறைகிறது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மருத்துவர்கள் பொதுவாகக் கையெழுத்துக்காகக் காத்திருப்பதில்லை. இழுபறி வருவதெல்லாம் எலும்பு முறிவு போன்ற, அவசரமானாலும் உயிராபத்து இல்லாத சிகிச்சைகளில்தான்.

பள்ளியையும் அதேபோல் பெயர் சொல்லி எழுதுங்கள்: அழைத்துச் செல்லுதல், ஆசிரியரைச் சந்தித்தல், விடுப்பு, சுற்றுலாவுக்கான சம்மதம் என ஒவ்வொன்றாக. மகனின் பெயரும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் கட்டாயம் வேண்டும். எதற்கு அதிகாரம் இல்லை என்பதையும், உதாரணமாகப் பள்ளி மாற்றம், வெளிநாட்டுப் பயணம் ஆகியவற்றையும், குறிப்பிட்டுவிடுவது நல்லது. ஒவ்வாமை, தொடர்ந்து உட்கொள்ளும் மருந்து, அதன் அளவு, காப்பீட்டு எண் ஆகியவற்றைத் தனித்தாளில் இணையுங்கள். அவை மாறக்கூடியவை என்பதால் பத்திரத்துக்குள் வேண்டாம். நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் எல்லா இடங்களிலும் கேட்பதில்லை என்றாலும், அப்படிச் செய்யவே நான் பரிந்துரைப்பேன். முத்திரையைப் பார்த்த பிறகே கோப்பைத் திறக்கும் அலுவலகங்கள் உண்டு.

உங்கள் விஷயத்தில் உண்மையாகவே கவனம் தேவைப்படுவது கணவரின் சம்மதம். பிரிந்து வாழ்வதாலேயே தந்தையின் சட்டப்பூர்வ உரிமை போய்விடாது. அவர் கையெழுத்து இல்லாத பத்திரம் பள்ளியில் செல்லுபடியானாலும், அவர் வாசலில் வந்து நின்று மகனைக் கேட்டால் உங்கள் தங்கையால் அதைக் காட்டித் தடுக்க முடியாது. எனவே முடிந்தவரை இருவருமாகக் கையெழுத்திடுங்கள். அவர் மறுத்தாலோ, மகனை யார் வைத்திருப்பது என்று ஏற்கெனவே வழக்கோ இடைக்கால ஆணையோ இருந்தாலோ, கிளம்புவதற்கு முன்பே குடும்பநல வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். அந்நிலையில் நீதிமன்ற ஆணை தேவைப்படலாம். தங்கை வேறொரு நாட்டில் வசிப்பவர் என்றால் இது இன்னும் முக்கியம். பெற்றோரில் ஒருவரின் சம்மதமின்றிக் குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதைக் கையாள 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இருக்கிறது. அதில் இணைந்த நாடுகளில் விவகாரம் விரைவில் நீதிமன்றம் வரை போகும்.

அசல் பத்திரம் தங்கையிடம் இருக்கட்டும். பள்ளிக்கும் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவருக்கும் நகல் கொடுத்து, இதை ஏற்பார்களா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் அதிகாரத்தைத் திரும்பப் பெற நேர்ந்தால், நகல் பெற்ற ஒவ்வொருவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். திரும்பி வரத் தாமதமானால் பழைய பத்திரத்தில் தேதியைத் திருத்தாதீர்கள். இருக்கும் நாட்டிலேயே புதிதாக எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, இரு நாடுகளும் ஆவணங்கள் தொடர்பான 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் அப்போஸ்டில் சான்றும் (ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான அரசுச் சான்று) பெற்று, பழைய தேதி முடிவதற்குள் தங்கையின் கைக்குக் கிடைக்கும்படி அனுப்புங்கள்.