மகனை அணியில் சேர்க்க 18,000 பிராங்க் கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

பேர்ன் மாநிலத்தில் வசிக்கும் ஒரு தாய் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய மகனுக்கு 18 வயது. மின் நிறுவல் தொழிலில் நான்காண்டுப் பயிற்சியின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறார். வீதிச் சைக்கிள் பந்தயங்களில், கூட்டமாக வந்து கடைசி நூறு இருநூறு மீட்டரில் பாய்ந்து முந்தும் ஸ்பிரிண்டராக, இளையோர் பிரிவில் சில வெற்றிகளைப் பெற்றிருக்கிறார். பந்தயம் நடந்த இடத்தில் அறிமுகமான முகவர் ஒருவர், அண்டை நாட்டுக் கான்டினென்டல் அணி ஒன்றில் அடுத்த ஆண்டு இடம் இருப்பதாகவும், குடும்பம் 18,000 பிராங்க் ‘ஆதரவுத் தொகை’ செலுத்தினால் அது உறுதி என்றும், இரண்டாம் ஆண்டுச் சம்பளத்தில் அந்தப் பணம் திரும்பிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். ஒப்பந்தத்தில் மகன் ‘சுயதொழில் செய்பவர்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. பத்து நாள்களுக்குள் கையெழுத்து வேண்டுமாம். சீட்டை எடுத்துக் கட்டிவிடலாமா, தொழிற்பயிற்சியை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

கட்ட வேண்டாம், பயிற்சியை நிறுத்தவும் வேண்டாம். இத்தகைய ஒப்பந்தங்களைப் படிப்பது என் தொழில் என்பதால், அந்தத் தாளில் உள்ளதையும் இல்லாததையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ‘கான்டினென்டல்’ என்ற பெயரைப் பார்ப்போம். இந்த விளையாட்டை நடத்தும் உலக அமைப்பான யூசிஐ, ஆண்கள் அணிகளை மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறது. மேலே வேர்ல்ட் டீம், நடுவில் புரோ டீம், கீழே கான்டினென்டல். மேல் இரண்டு படிகளிலும் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. அணி நொடித்தால் ஓட்டுநர்களின் பாக்கியைத் தீர்க்க வங்கி உத்தரவாதம் வைத்திருக்க வேண்டும். முதன்முறை சேரும் இளைஞருக்கு இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஒப்பந்தம் தர வேண்டும். மூன்றாம் படிக்கு யூசிஐ எந்தக் குறைந்தபட்சச் சம்பளத்தையும் விதிக்கவில்லை. அணியை நடத்துவோரும் அந்தந்த நாட்டுச் சம்மேளனமும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. ஆனால் மூன்று படியின் பெயரிலும் யூசிஐ என்ற அதே மூன்று எழுத்துகள் இருக்கின்றன, அணிகள் ஒரே இணையதளத்தில் பட்டியலிடப்படுகின்றன. ஒரு பைசா சம்பளம் தராத அணியையும், ஆண்டுக்கு 40,000 யூரோவுக்கு மேல் கொடுத்தே தீர வேண்டிய அணியையும் ஒரே முத்திரையின் கீழ் பதிவுசெய்துவிட்டு, பெற்றோர் குழம்புகிறார்களே என்று ஏகில் நகரத்து யூசிஐ தலைமை அலுவலகத்தில் வியந்துகொண்டிருப்பதில் எனக்குப் பொறுமை இல்லை. முகவர்கள் விற்பது இந்தக் குழப்பத்தைத்தான்.

‘ஆதரவுத் தொகை’ என்பதும் புதிதன்று. ஓட்டுநரே தன் சம்பளத்தைத் தானே கொண்டுவரும் ஏற்பாடு இது. தகப்பனின் கடை, மாமனின் நிறுவனம், ஊர்ச்சங்கம் என ஏதோ ஒரு பெயரில் பணம் அணிக்குள் போகும். அதிலிருந்து ஒரு பகுதி மாதாமாதம் சம்பளம் என்ற பெயரில் பையனிடமே திரும்பும். மீதி அணியின் டீசலுக்கும் ஓட்டல் செலவுக்கும் போய்விடும். சுமார் பத்தாண்டுகளுக்கு முன் இத்தாலியில் இந்த வழக்கம் பத்திரிகைகளில் அம்பலமாகிப் பெரிய விவகாரமாயிற்று. அது கான்டினென்டல் படியில்கூட அல்ல, அதற்கு ஒரு படி மேலேயே நடந்தது. மேலே கண்காணிப்பு இறுகியபோது இந்த வணிகம் ஆள் பார்க்காத கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டது என்பதே என் கணிப்பு. உங்களிடம் வந்திருக்கும் தாளில் ‘இரண்டாம் ஆண்டு’ என்ற பேச்சு எங்காவது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் படித்த இத்தகைய தாள்களில் ஒப்பந்தக் காலம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். இரண்டாம் ஆண்டு முகவரின் வாயில் மட்டுமே இருக்கும்.

நேர்மையான முகவர் எப்படிச் சம்பாதிக்கிறார் என்றும் கேட்கலாம். ஓட்டுநருக்குச் சம்பளம் வாங்கித் தந்து, அதில் ஒரு சிறு விழுக்காட்டைத் தன் கூலியாக எடுத்துக்கொள்கிறார். சம்பளம் இல்லையென்றால் அவருக்கும் வருமானம் இல்லை. ஆகவே சம்பளம் வருவதற்கு முன் குடும்பத்திடம் கை நீட்டுபவர், பையன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தமக்கு வரவேண்டியது வந்துவிட்டது என்ற நிலையில் இருப்பவர். முகவராகச் செயல்பட யூசிஐயின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் வெளிப்படையாகவே இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவருடன் அடுத்த சந்திப்பே வேண்டாம். இன்னொன்று: அணி ஒப்பந்தத்தோடு சேர்த்து, பல ஆண்டுகளுக்கு வேறு முகவரை நாடக் கூடாது என்று கட்டிப்போடும் இரண்டாவது தாள் ஒன்றும் அதே உறையில் இருக்கக்கூடும். பலர் அதைப் படிக்காமலேயே கையெழுத்திட்டுவிடுகிறார்கள்.

இனி, உங்கள் மகன் ஸ்பிரிண்டர் என்பதால் இந்த பேரம் ஏன் இரட்டிப்பு மோசம் என்பதைச் சொல்ல வேண்டும். மலை ஏறுபவரைப் பார்த்தால், அணி பலவீனமாக இருந்தாலும் ஏற்றத்தில் தன் கால்பலத்தைத் தானே காட்டிவிடுவார். ஸ்பிரிண்டருக்கு அது இயலாது. முன்னால் செல்பவரின் பின்னால் காற்று மறைவில் ஓட்டினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். அந்த மிச்சத்தைக் கடைசி வரை பாதுகாத்து, மணிக்கு 65 அல்லது 70 கிலோமீட்டர் வேகத்தில் பத்துப் பதினொரு விநாடிகளில் செலவழிப்பதுதான் அவருடைய தொழில். அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க, ஒருவர் பின் ஒருவராக உழைத்து விலகும் நாலைந்து தோழர்கள் வேண்டும். 2023 டூர் டி பிரான்ஸில் ஸ்பிரிண்டர் யாஸ்பர் பிலிப்சன் நான்கு கட்டங்களை, அதாவது நான்கு நாள்களின் ஓட்டங்களை, வென்றார். அவருக்காகக் கடைசிக் கிலோமீட்டரில் காற்றைக் கிழித்துக்கொண்டு போனவர் மாத்தியூ வான் டெர் போல், அதே ஆகஸ்டில் உலக வாகையர் பட்டம் பெற்றவர்! இன்னொரு ஸ்பிரிண்டரான மார்க் கேவண்டிஷ் 2016க்குப் பின் டூரில் ஒரு வெற்றியும் இல்லாமல், முடிந்துபோன ஆள் என்று எழுதப்பட்டு, 2021இல் காயமுற்ற சாம் பென்னட்டுக்கு மாற்றாகத்தான் குவிக்-ஸ்டெப் அணியின் டூர் பட்டியலுக்குள் வந்தார். அவரைக் கடைசி மீட்டர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முன்னால் மைக்கேல் மோர்கோவ் இருந்தார். நான்கு கட்டங்களும், புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான பச்சைச் சட்டையும் கிடைத்தன.

காசு வாங்கிக்கொண்டு ஆள் சேர்க்கும் அணியில் இந்தத் தோழர்கள் இருக்க மாட்டார்கள். அங்கே ஒவ்வொருவரும் தன் குடும்பத்தின் பணத்துக்குக் கணக்குக் காட்ட வந்தவர்; உங்கள் மகனுக்காகக் காற்றில் உழைக்க அவருக்கு என்ன தேவை? தவிர, நல்ல பந்தயங்களுக்கு அழைப்பு அணிக்குத்தான் வரும், ஓட்டுநருக்கு வராது. சென்ற ஆண்டு அந்த அணி எந்தெந்தப் பந்தயங்களில் ஓடியது, கூட்டமாக முடிந்த பந்தயங்களில் அதன் ஓட்டுநர் எத்தனையாம் இடத்தில் வந்தார் என்பதைப் பொதுவில் கிடைக்கும் முடிவுப் பட்டியல்களில் மகனே அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். தொடர்ந்து அறுபது, எழுபது என்ற இடங்களே வந்தால், அங்கே அவரை முன்னுக்குக் கொண்டுவர ஆள் இல்லை என்று பொருள்.

‘சுயதொழில் செய்பவர்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் “உலகின் பெரிய ஓட்டுநர்களெல்லாம் அப்படித்தான்” என்று முகவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. வேர்ல்ட் டீம் ஓட்டுநர்களில் சிலர் சுயதொழில் முறையில் ஒப்பந்தம் செய்துகொள்வது உண்மையே, விதியும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அந்த விதியின் இரண்டாம் பகுதியை யாரும் சொல்வதில்லை: அப்படிச் செய்பவருக்கு, ஊழியருக்குரிய குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல 164 விழுக்காடு தர வேண்டும். 2023இல் வேர்ல்ட் டீமில், முதன்முறை சேருபவரல்லாத ஊழியருக்குக் குறைந்தபட்சம் 42,047 யூரோ. சுயதொழில் முறையில் ஏறத்தாழ 69,000 யூரோ. ஓய்வூதியம், விபத்துக் காப்பீடு, நோய்க்காலச் சம்பளம் என முதலாளி கட்ட வேண்டியதையெல்லாம் ஓட்டுநரே கட்ட வேண்டியிருப்பதால்தான் இந்தக் கூடுதல். கான்டினென்டல் படியில் அடிப்படைத் தொகையே இல்லை. பூச்சியத்தின் 164 விழுக்காடும் பூச்சியம்தான். அங்கே அந்தச் சொல் ஒரே ஒரு வேலையைச் செய்கிறது: அணியின் கடமைகளையெல்லாம் உங்கள் தலையில் மாற்றிவைக்கிறது. அதோடு, சுவிட்சர்லாந்தில் ஒருவர் சுயதொழில் செய்பவரா இல்லையா என்பதை ஒப்பந்தத் தாள் தீர்மானிப்பதில்லை, ஏ.எச்.வி எனப்படும் முதியோர் ஓய்வூதியக் காப்பீட்டு அலுவலகம்தான் தீர்மானிக்கிறது. யாருடைய கட்டளைப்படி, யாருடைய சைக்கிளில், யாருடைய கால அட்டவணையில் வேலை செய்கிறார் என்று பார்த்தே அது முடிவெடுக்கும். அணி சொல்லும் நாளில், அணி கொடுத்த சட்டையில் ஓடுகிற 19 வயதுப் பையனைச் சுயதொழில் செய்பவர் என்று அந்த அலுவலகம் எளிதில் ஒப்புக்கொள்ளாது. வெளிநாட்டு அணி என்றால் சிக்கல் இன்னும் கூடும். எந்த நாட்டில் சமூகக் காப்பீட்டுக் கட்டணம் செலுத்துவது என்று எழுத்தில் பதில் பெறாமல் எதிலும் கையெழுத்திடக் கூடாது.

தொழிற்பயிற்சியை விடுவதிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. பயிற்சி நிறுவனத்தின் ஊழியராக இருப்பதால் உங்கள் மகனுக்கு இப்போது கட்டாய விபத்துக் காப்பீடு இருக்கிறது. வேலைக்கு வெளியே சைக்கிளில் விழுந்தாலும் அது பொருந்தும். வேலையை விட்டபின், சம்பள உரிமை முடிந்த நாளிலிருந்து 31 நாள்களில் அந்தப் பாதுகாப்பு ஓய்ந்துவிடும். அதன்பின் நோய்க் காப்பீட்டில் விபத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதில் உங்கள் கைப்பணம் போகும், எலும்பு முறிந்து படுத்திருக்கும் காலத்துக்கு நாள்சம்பளமும் வராது.

விழுவதைப் பற்றி இவ்வளவு பேசுவது அபசகுனமாகத் தோன்றலாம். ஆனால் ஸ்பிரிண்டரின் வாழ்வில் அது அன்றாடக் கணக்கு. 2020 ஆகஸ்டில் போலந்தின் கத்தோவிட்ஸில் டைலன் க்ரூனவேகன் பாதையிலிருந்து விலகித் தள்ளியதில் ஃபேபியோ யாகோப்சன் தடுப்புகளை உடைத்துக்கொண்டு விழுந்து, உயிருக்கே போராடினார். தள்ளியவருக்கு ஒன்பது மாதத் தடை. விழாதவர்களின் தொழில்வாழ்வும் குறுகியதே. டூரில் 14 கட்டங்களை வென்ற மார்செல் கிட்டல் 31 வயதில் மனம் சலித்து விலகினார். ஐந்து கட்டங்களை வென்ற கேலப் யூவன் 2025இல் 30 வயதில் நிறுத்திக்கொண்டார். 39 வயதில், 2024இல், 35ஆவது கட்டத்தை வென்று பழைய சாதனையாளர் எடி மெர்க்ஸின் எண்ணிக்கையைத் தாண்டிய கேவண்டிஷைக் காட்டி யாரும் உங்களுக்குக் கணக்குப் போட வேண்டாம். அவரும் பள்ளி முடித்தபின் மேன் தீவில் ஒரு வங்கியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்துக்கொண்டுதான் பந்தயத்துக்கு வந்தார். 2022 இறுதியில் அவர் சேரவிருந்த பிரெஞ்சு அணி புரவலர் கிடைக்காமல் கலைந்துபோக, புத்தாண்டு பிறந்தபின்தான் அஸ்தானா அணியில் இடம் பிடித்தார். அத்தனை வெற்றிகளை வைத்திருந்தவருக்கே அந்த நிலை.

பணம் கட்டாமல் உள்ளே வர வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே. எரித்திரியாவின் பினியம் கிர்மாய் வந்தது ஏகிலில் உள்ள யூசிஐ பயிற்சி மையத்தின் வழியாக. அவருடைய முதல் தொழில்முறை அணியான டெல்கோ 2021இல் பணமின்றித் தள்ளாடியபோது, பருவத்தின் நடுவிலேயே அணி மாறினார். அடுத்த ஆண்டு கென்ட்-வெவெல்கெம் பந்தயத்தையும், 2024இல் டூரில் மூன்று கட்டங்களையும் பச்சைச் சட்டையையும் வென்றார். பெரிய அணிகள் பலவும் இன்று சொந்தமாக இளையோர் அணி வைத்திருக்கின்றன; சுவிஸில் ஃபேபியன் கான்செல்லாரா நடத்தும் டுடோர் அணியும் அவற்றுள் ஒன்று. இவர்கள் பார்ப்பது கோப்பைகளை அல்ல, நான்கு மணி நேரம் ஓட்டிக் களைத்தபின் கால்களில் எத்தனை வாட் மிச்சமிருக்கிறது என்பதை. இளையோர் பந்தயம் 140 கிலோமீட்டரைத் தாண்டாது. தொழில்முறையில் 200 என்பது சாதாரணம். புத்துணர்ச்சியோடு காட்டும் வேகத்தை மட்டும் வைத்து வாக்குறுதி தருபவர் இந்த வித்தியாசத்தை அறியாதவர், அல்லது அறிந்தே மறைப்பவர்.

ஆகவே அடுத்த ஆண்டு மகன் உள்ளூர்க் கழகத்திலேயே 23 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓடட்டும். பயிற்சியின் நான்காம் ஆண்டையும் முடிக்கட்டும். விளையாட்டு வீரர்களுக்கு நேரம் விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்குச் சுவிஸ் ஒலிம்பிக் அமைப்பு அங்கீகாரம் தருகிறது. மகனின் முதலாளி அதற்கு விண்ணப்பிப்பாரா என்று கேட்பதில் நட்டமில்லை. சக்தி அளவியின் பதிவுகளை, நீண்ட ஓட்டங்களின் கடைசிப் பகுதி தெளிவாகத் தெரியும்படி, சேர்த்து வைத்திருக்கச் சொல்லுங்கள். நல்ல அணிகள் ஆகஸ்ட் முதல் ஆண்டு முடிவு வரை இளைஞர்களைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பார்ப்பதுண்டு; அதற்கு யாரும் பணம் கேட்பதில்லை.

முகவருக்கு ஒரு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: உரிம எண், அணி தரும் மாதச் சம்பளம், விபத்துக் காப்பீட்டை யார் கட்டுகிறார், ஒப்பந்தம் எந்த நாளில் முடிகிறது, இந்த நான்குக்கும் அணியின் கையெழுத்தோடு பதில் வேண்டும் என்று. பத்து நாள் கெடுவைப் பற்றி அதில் எதுவும் எழுத வேண்டாம். பதில் வந்தால் தாளோடு எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். அதுவரை சீட்டை எடுக்காதீர்கள்.