நான் பார்த்துக்கிறேன்

அன்புள்ள ஐயா,
அரசு அலுவலகத்தில் மக்களை நேரில் சந்திக்கும் கவுன்டரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். நான் போடாத விதிக்காகத் தினமும் திட்டு வாங்குகிறேன். வீட்டில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவளோ? தியானம் உதவுமா? விருப்ப ஓய்வு வாங்கிவிடலாமா?
வி.

அன்புள்ள வி.,

போன வாரம் எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் கத்தியபோது, கவுன்டருக்குள் இருந்த பெண்ணின் விரல்கள் நடுங்கின. அன்றிலிருந்து இதே நினைப்புதான்.

தியானமா, செய்யுங்கள், நல்லதுதான். பிள்ளைகளிடம் இன்று இரவே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். ஆனால் 'லாயக்கில்லாதவள்' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம் வருகிறது. பிரிட்டனில் 10,000க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இரண்டாவது ஒயிட்ஹால் ஆய்வு என்று பெயர். தன் வேலையில் எதையும் தானாக முடிவு செய்ய முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. முடிவு ஒருவர் கையில், திட்டு இன்னொருவர் தலையில் என்றால் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? இதில் உங்கள் குறை எங்கே இருக்கிறது?

எழுத வருவதற்கு முன் நானும் ஆறு வருடம் அப்படி ஒரு ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன். ஒருநாள் ஒருவர் விண்ணப்பத்தைக் கிழித்து என் முகத்தில் எறிந்தார். நான் சிரித்தபடி அடுத்தவரைக் கூப்பிட்டேன். (அந்தச் சிரிப்பும் உழைப்புதான். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இல் அதை 'உணர்ச்சி உழைப்பு' என்று விளக்கி எழுதினார்.) பக்கத்து இருக்கை அக்கா எழுந்து வந்து, "தம்பி, நீ உள்ளே போய் உட்கார். நான் பார்த்துக்கிறேன்" என்று என் நாற்காலியில் அமர்ந்துகொண்டார். கோப்பு அலமாரிகளுக்கு நடுவே பத்து நிமிடம் அழுதேன். திரும்பி வந்ததும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை அவரைத் திட்டியபோது நான் எழுந்து போனேன். அப்புறம் அது எங்கள் பிரிவின் வழக்கமாகிவிட்டது.

அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். திட்டு வாங்கியவர் உடனே இருக்கையை விட்டு எழலாம், இன்னொருவர் வந்து உட்கார வேண்டும் என்று எழுதி, நாலு பேர் கையெழுத்தோடு மேலதிகாரியிடம் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். தனியாகப் போனால் உங்களைப் பலவீனமானவர் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆள் பற்றாக்குறை என்பார்கள். அந்தப் பத்து நிமிடம் வரிசை நிற்கட்டும், பரவாயில்லை என்று சொல்லுங்கள். அவர்கள் அனுமதி தரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே பக்கத்தில் யாராவது திட்டு வாங்கினால் நீங்கள் முதலில் எழுந்து போங்கள்.

விருப்ப ஓய்வைப் பற்றி மூன்று மாதம் கழித்துப் பேசலாம். மேலதிகாரி என்ன சொன்னார் என்று மட்டும் எழுதுங்கள்.