வீட்டில் மணி பிளான்ட்டும் பூங்கொத்தும் இருக்கின்றன, பூனை வளர்க்கலாமா?

தாராளமாக வளர்க்கலாம். ஆனால் பூங்கொத்தில் லில்லி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இன்றைக்கே வெளியேற்றுங்கள். உயரத்தில் வைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள், பூனைக்கு அலமாரி எல்லாம் ஒரு உயரமா?

லில்லியின் இதழ், இலை, தண்டு, ஏன், ஜாடித் தண்ணீர்கூடப் பூனைக்கு நஞ்சு. கடிக்கவே வேண்டாம். உரசிக்கொண்டு போகும்போது ஆரஞ்சு நிற மகரந்தம் ரோமத்தில் ஒட்டும். அப்புறம் உடம்பை நக்கும்போது வயிற்றுக்குள் போய்விடும். சில மணி நேரத்தில் வாந்தி, சோர்வு. நடுவில் தேறியதுபோலத் தெரியலாம், நம்பாதீர்கள். 1 முதல் 3 நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். அதனால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், செடியை ஒரு படம் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். சீக்கிரமே டிரிப்ஸ் ஏற்றினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

மணி பிளான்ட் அவ்வளவு மோசமில்லை. இலைக்குள் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். பச்சைச் சேப்பங்கிழங்கை நறுக்கினால் நமக்குக் கை அரிக்குமே, அதே சங்கதிதான். எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

தோட்டத்தில் அரளி, செங்காந்தள், சைக்கஸ் (குட்டைப் பனை போலிருக்கும் அலங்காரச் செடி) மூன்றும் உயிருக்கே ஆபத்து. செம்பருத்தி, அரிக்கா பனை இருந்தால் பயமில்லை. மென்று பார்க்கும் ஆசைக்கு ஒரு சின்னத் தொட்டியில் கோதுமையை முளைக்க விடுங்கள். பல பூனைகளுக்கு அது பிடிக்கும்.