வயிறு மட்டும் ஏன் முன்னாடி நிக்குது? கோத்தகிரி சிஸ்டர் கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன வாரம் நம்ம மகளிர் குழுவுல "பொம்பளைங்களுக்கு வயித்துல சதை போட்டா என்னென்ன வியாதி வரும்னு பேசலாம், சந்தேகம் இருந்தா அனுப்புங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னேன், நாலஞ்சு வரும்னு பார்த்தா இருபதுக்கு மேல வந்துருச்சு, ஒரே மாதிரி இருந்தத சேர்த்துட்டேன். நான் டாக்டர் இல்ல, 26 வருஷம் எஸ்டேட் ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. மாத்திரை பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். காலைல இருந்து மிஸ்டு எறங்கி கெடக்கு, துணி கூட காயப்போட முடியல, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

கட்டபெட்டு, வயசு 41: சிஸ்டர், என் உயரம் 5 அடி, வெயிட் 52 தான். கை கால் குச்சி மாதிரி இருக்கும், வயிறு மட்டும் அஞ்சு மாசம் மாதிரி. வெறும் வயித்துல சுகர் 112 காட்டுது. குண்டா இல்லாதவளுக்கு சுகர் எப்படி?

நல்ல கேள்வி கண்ணு, இதுக்குத்தான் நான் இத ஆரம்பிச்சதே. உன் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற கணக்கு, போட்டா 22 சொச்சம் வரும், நார்மல்னு சீட்டுல எழுதிருவாங்க. ஆனா எடை மெஷினுக்கு எலும்பு எது, சதை எது, கொழுப்பு எதுன்னு தெரியாது, கொழுப்பு எங்க உக்காந்திருக்குன்னு சுத்தமா தெரியாது. புனேல யாஜ்னிக்னு ஒரு டாக்டர், அவரும் இங்கிலாந்து நண்பர் ஒருத்தரும் 2004ல பக்கத்து பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து மருத்துவப் பத்திரிகைல போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒண்ணே, 22.3. உடம்புல கொழுப்பு வெள்ளக்காரருக்கு 9 சதவீதம், நம்மாளுக்கு 21. நம்ம ஊர் உடம்பு வாகே அப்படி, ஒல்லியா தெரியும், உள்ள கொழுப்பு இருக்கும்.

வயித்துல ரெண்டு விதமா கொழுப்பு இருக்கு. தோலுக்கு அடியில, கையில புடிச்சா மடிப்பா வர்றது ஒண்ணு. இன்னொண்ணு உள்ள, குடல சுத்தி. ஆட்டுக்குடல் வாங்கி சுத்தம் பண்ணிருப்பீங்கல்ல, மேல வெள்ளையா வலை மாதிரி ஒண்ணு ஒட்டிட்டு வருமே, அதேதான், நம்மளுக்கும் இருக்கு. அந்த வலை தடிச்சா வம்பு. அங்கிருந்து வர்ற ரத்தம் நேரா கல்லீரலுக்குத்தான் போகுது, கொழுப்பு கரைஞ்சு அதோடயே போய் கல்லீரல்ல படியுது, இன்சுலின் சொல்ற பேச்ச கல்லீரல் கேக்காம போகுது, சுகர் ஏறுது, ட்ரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு ஏறுது, நல்ல கொழுப்பு எறங்குது. அது போக அந்த கொழுப்பே ரத்தக்குழாய புண்ணாக்கற சாமான்கள சுரக்கும். மூட்டையா சும்மா கெடக்கறதில்ல அது, வேலை பாக்குற உறுப்பு மாதிரி.

112ன்னா சுகர் வியாதி இல்ல, 100ல இருந்து 125 வரைக்கும் வரப்புல நிக்கறது. மூணு மாச சுகர் சராசரி காட்டுற டெஸ்ட்டும் (HbA1c) ஒருக்கா எடுத்துரு.

மஞ்சூர், 36: இஞ்ச் டேப்ல எங்க வச்சு அளக்கணும்? பாவாடை நாடா கட்டுற எடமா?

இல்லவே இல்ல. பாவாடை நாடாவ நம்பி ஏமாந்தவங்கதான் அதிகம், "எனக்கு கல்யாணத்துல இருந்து அதே சைஸ்தான்"னு சொல்லுவாங்க, பார்த்தா நாடா வயித்துக்கு அடியில எறங்கி போயிருக்கும், வயிறு மேல தனியா உக்காந்திருக்கும்.

ஸ்வெட்டர கழட்டிருங்க, நம்ம ஊர்ல இதுதான் முதல் சிக்கல், குளிருக்கு போட்ட ஸ்வெட்டர் வயித்த வருஷம் பூரா மறைச்சிருது. விலாவுல கடைசி எலும்ப விரல்ல தடவி பாருங்க, அப்புறம் இடுப்பெலும்போட மேல் விளிம்பு, இது ரெண்டுக்கும் நட்ட நடுவுல டேப்ப சுத்துங்க. முன்னாடியும் பின்னாடியும் ஒரே மட்டமா இருக்கணும். மூச்ச சாதாரணமா விட்டு முடிச்சதும் பாக்கணும், எக்கி புடிக்கக்கூடாது, யார ஏமாத்தறோம்? டேப் தோல தொடணும், அழுத்தக்கூடாது.

நம்ம நாட்டு பொம்பளைங்களுக்கு 80 செமீ எல்லை, இஞ்ச்ல முப்பத்தொண்ணரை. 88 தாண்டுனா இன்னும் மோசம். இன்னொரு கணக்கு இருக்கு, உயரத்துல பாதிக்கு கீழ இருக்கணும், 5 அடின்னா 60 இஞ்ச், வயிறு 30க்குள்ள. தையல்கார அக்கா கிட்டயே டேப் வாங்கிக்கலாம்.

கூடலூர், 29: எனக்கு வயிறு இல்ல, தொடையும் பின்பக்கமும்தான் பெருசு. எல்லாரும் கிண்டல் பண்றாங்க. இதுவும் ஆபத்தா?

கிண்டல் பண்றவங்கள விடும்மா. 1947லயே மார்செய்ல்ஸ்ல ஜான் வாக்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் எழுதிட்டாரு, வியாதி கூட்டிட்டு வர்றது மேல் உடம்புல சேர்ற கொழுப்பு, கீழ சேர்றதில்லைன்னு. தொடையில இருக்கறது பத்திரமா பூட்டி வச்ச மாதிரி. மொத்த எடை ரொம்ப ஏறாம பாத்துக்க, அவ்வளவுதான்.

குந்தா பக்கம், 52, கொழுந்து எடுக்கறவங்க (மக டைப் பண்ணி அனுப்பிருக்கு): நாள் பூரா மேடு ஏறி எறங்கறேன், எனக்கு எதுக்கு வயிறு? ரெண்டு வருஷமாத்தான் இப்படி.

ரெண்டு வருஷம்னு சொன்னதுலயே பாதி பதில் இருக்குங்க. தீட்டு நின்னு எத்தனை நாளாச்சு? அந்த சமயம் ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பளை ஹார்மோன் எறங்கிரும், அது இருந்த வரைக்கும் கொழுப்ப தொடை பக்கமா தள்ளி விட்டுட்டு இருந்தது, இப்ப வயித்துக்கு திரும்பிருச்சு. எடை ஏறாமயே எடம் மாறும். தீட்டு நிக்கற வரைக்கும் பொம்பளைக்கு மாரடைப்பு கம்மி, நின்னப்பறம் அந்த சலுகை கொஞ்சம் கொஞ்சமா போயிரும்.

மீதி பாதி, கோவிச்சுக்காதீங்க, டீ. நான் எஸ்டேட் ஆளுங்க இருக்கற லைன் வீடுகள்ல போய் பார்த்தவதான். காலைல ஒண்ணு, பத்து மணிக்கு ஒண்ணு, வேலை விட்டு வந்ததும் ஒண்ணு, ராத்திரி குளிருக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சக்கரை. எட்டு ஸ்பூன்னா 35, 40 கிராம் ஆச்சு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுங்குது. அதோட காலைல அவசரமா ரெண்டு வாய், ராத்திரி ஒரு தட்டு மலை மாதிரி சோறு, உடனே கம்பளி. சக்கரைய வாரத்துக்கு அரை ஸ்பூனா குறைங்க, ஒரேயடியா நிறுத்துனா மூணாவது நாளே பழையபடி போட்டுருவீங்க. ராத்திரி சோத்துல கால் பங்கு எடுத்துட்டு அவரைக்கொட்டையோ முட்டையோ வைங்க.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, தீட்டு நின்னு ஒரு வருஷம் கழிச்சு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்டணும். தீட்டு நின்னப்பறம் கொழுப்புல இருந்தும் ஈஸ்ட்ரோஜன் உண்டாகும், அதனால உடம்பு கொழுத்தவங்களுக்கு கர்ப்பப்பை உள்சுவர் புத்துநோயும் மார்புப் புத்துநோயும் வர வாய்ப்பு கூட.

ஊட்டி, ஒரு அண்ணன்: என் சம்சாரத்துக்கு வயிறு போட்டுருச்சு, என்ன சொல்லியும் கேக்க மாட்டேங்குறா, நீங்க எடுத்து சொல்லுங்க.

நீங்க உங்கத அளந்தீங்களாண்ணா? ஆம்பளைக்கு 90 செமீ. அளந்துட்டு வாங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்து சொல்றேன்.

வெலிங்டன், 33: வயித்துக்கு பெல்ட், க்ரீன் டீ, சிட்-அப், ஆபரேஷன் பண்ணி உறிஞ்சி எடுக்கறது... எது வேலை செய்யும்?

பெல்ட்ல வேர்வை போகும், கொழுப்பு போகாது. சிட்-அப்ல சதை கெட்டியாகும், அதுக்கு மேல இருக்கற கொழுப்பு அப்படியே இருக்கும். க்ரீன் டீ சக்கரை இல்லாம குடிச்சா சக்கரை இல்லாத டீ, அவ்வளவுதான். உறிஞ்சறது பத்தி 2004ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 15 குண்டான பொம்பளைங்களுக்கு வயித்துல இருந்து ஆளுக்கு கிட்டத்தட்ட 10 கிலோ கொழுப்பு எடுத்தாங்க, மூணு மாசம் கழிச்சு சுகர், பிரஷர், ரத்தத்துல கொழுப்பு எதுவும் மாறல. ஏன்னா எடுத்தது தோலுக்கு அடியில இருந்தத, உள்ள வலை அப்படியே இருக்கு.

உள்ள இருக்கறத குறைக்கறது நடைதான், மூச்சு வாங்கற நடை, வாரத்துக்கு 150 நிமிஷம். நம்ம ஊர்ல ஏத்தம் இருக்கே, எந்த ஜிம்முக்கு போகணும்? ஆனா உண்மைய சொல்லுங்க, மலைக்காரங்கன்னு பேருதான், மார்க்கெட்டுக்கு மினி பஸ், பஸ் ஸ்டாண்டுல இருந்து வீட்டுக்கு ஆட்டோ. எங்க அம்மா விறகு தூக்கிட்டு நடந்த வழில நான் ஸ்கூட்டில போறேன்.

எடை குறையலைன்னு விட்டுராதீங்க. சென்னைல டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 பேர வச்சு பார்த்து 2006ல வெளியிட்டாங்க, சுகர் வரப்புல நின்னவங்க நடையையும் சாப்பாட்டையும் மாத்துனதுல சுகர் வர்றது 28.5 சதவீதம் குறைஞ்சுது. எடை பெருசா எறங்கவே இல்ல அவங்களுக்கு.

அருவங்காடு, 27: டெலிவரி ஆகி 5 மாசம். கர்ப்பத்துல சுகர் இருந்துச்சு, குழந்தை பொறந்ததும் போயிருச்சு. வயிறு எறங்கல, மாமியார் துணி வச்சு கட்ட சொல்றாங்க.

கட்டுனா இடுப்புக்கு இதமா இருக்கும், இறுக்கி கட்டாம இருந்தா தப்பில்ல, அதுனால கொழுப்பு கரையாது. எனக்கு கவலை வயிறு இல்லம்மா, அந்த சுகர். கர்ப்பத்துல சுகர் வந்தவங்களுக்கு பின்னாடி நிரந்தரமா வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட ஏழு மடங்குக்கு மேல. பொறந்து 6ல இருந்து 12 வாரத்துக்குள்ள 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு டெஸ்ட் எடுத்திருக்கணும். எடுக்கலைன்னா இந்த வாரமே போ. தடுப்பூசிக்கு குழந்தைய தூக்கிட்டு போறல்ல, அன்னிக்கே உனக்கும் பார்த்துட்டு வா. தாய்ப்பால் குடுக்கறதும் உனக்கு நல்லதுதான்.

குன்னூர், 45: இதயத்துக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்? பயமுறுத்தாம சொல்லுங்க.

இத சொல்ல எனக்கு ஒரு பெருமை, ஏன்னா பார்த்தது நர்ஸ்களைத்தான். அமெரிக்கால 1976ல ஆரம்பிச்சு நர்ஸ்கள வருஷக்கணக்கா பின்தொடர்ந்தாங்க, அதுல 44,000 பேருக்கு மேல வயிறு இடுப்பு அளந்து 16 வருஷம் பார்த்தாங்க. வயிறு 35 இஞ்சும் அதுக்கு மேலயும் இருந்தவங்க இதய நோயால சாகறது, 28 இஞ்சுக்கு கீழ இருந்தவங்கள விட ரெண்டு மடங்கு. எடை நார்மல்னு சீட்டு வாங்குனவங்கள்லயும் வயிறு மட்டும் 35 தாண்டிருந்தா மூணு மடங்கு கிட்ட. பயமுறுத்தலைங்க, கணக்கு அப்படி.

பொம்பளைங்களுக்கு மாரடைப்பு சினிமால காட்டற மாதிரி நெஞ்ச புடிச்சுட்டு வரணும்னு இல்ல. தாடை வலி, முதுகு வலி, குமட்டல், வழக்கமா ஏறுற படில திடீர்னு மூச்சு முட்டறது, இப்படியும் வரும். சோடா குடிச்சுட்டு படுத்துராதீங்க.

எடப்பள்ளி, பேர் வேண்டாம்: அம்மாவுக்கு 58. மூணு மாசமா வயிறு மட்டும் பெருசாகுது, கை கால் மெலிஞ்சு போச்சு. ரெண்டு வாய் சாப்பிட்டா நெறைஞ்சிருது. கேஸ்னு மாத்திரை வாங்கி குடுக்கறோம்.

இந்த கேள்விய முதல்லயே போட்டிருக்கணும், நேத்தே தனியா போன் பண்ணி சொல்லிட்டேன், மத்தவங்களுக்காக எழுதறேன். இது கொழுப்பு இல்ல. கொழுப்பு வருஷக்கணக்குல மெல்ல சேரும், மூணு மாசத்துல கை கால் மெலிஞ்சு வயிறு மட்டும் ஊதாது. வயித்துல நீர் கோர்த்திருக்கலாம், கல்லீரலா இருக்கலாம், சினைப்பைல கட்டியா இருக்கலாம். ஸ்கேன், உடனே.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா நானே தப்பு பண்ணிருக்கேன். வேலைக்கு சேர்ந்து அஞ்சாறு வருஷம் இருக்கும், லைன்ல ஒரு அக்கா, வளையல் கையில நிக்காம வழுக்குது, வயிறு மட்டும் முட்டிட்டு இருக்கு. நான் சிரிச்சுட்டே "டீல சக்கரைய குறைங்கக்கா, நடங்க"ன்னு அனுப்பிட்டேன். வளையல பார்த்தேன், யோசிக்கல. ரெண்டு மாசம் கழிச்சு கோயம்புத்தூர்ல ஸ்கேன் எடுத்தப்ப சினைப்பைல கட்டி. இப்பவும் யாராவது வயிறுன்னு வந்தா முதல்ல மணிக்கட்டத்தான் பாப்பேன்.

கோத்தகிரி, 38: எத்தனை நாளைக்கு ஒருக்கா அளக்கணும்? அப்புறம் வர்க்கி சாப்பிடலாமா?

மாசம் ஒருக்கா போதும், காலைல எந்திரிச்சு வயிறு காலியா இருக்கறப்ப, தீட்டு நாள்ல வேண்டாம், வயிறு உப்பி இருக்கும். காலண்டர்ல கேஸ் சிலிண்டர் வந்த தேதி எழுதறீங்கல்ல, அதுக்கு பக்கத்துலயே எழுதி வைங்க. வர்க்கி மைதாவும் கொழுப்பும், தெரிஞ்சே கேக்கறீங்க. விருந்தாளி வந்தா ஒண்ணு. பாக்கெட்ட மேஜை மேல வைக்காதீங்க.